நல்லாருக்கு லா

ஜூலை 7, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பாயான் லெப்பாஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது நான் எழுதிய மென்பொருள் கருவியை, கூட வேலை பார்த்த லோகேஸ்வரன் தன் பெயரில் மேடையேற்றினான். கூட்டத்தில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். கடைசியில் நன்றி சொன்ன பெயர்களில் தேநீர் கொடுத்தவர்கள்கூட இருந்தார்கள். நான் இல்லை.

இப்போது சொந்தமாக ஒன்று எழுதியிருக்கிறேன். டிஜிட்டல் காசு கைமாறுவதெல்லாம் பிளாக்செயினில் பதிவாகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தால் புரியாது, அவ்வளவுதான். அதைப் புரியும்படி காட்டுவதுதான் என் எக்ஸ்ப்ளோரர். பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில்: ‘ஆக்கம்: சந்திரசேகரன்’. இந்த முறை எவன் அழிக்கிறான் பார்ப்போம்.

வெளியிடுவதற்கு முன்னால் சிலரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ரமணி வீட்டுக்குப் போனேன். வீட்டிலிருந்தே விளம்பரப் படங்கள் செய்துகொடுக்கிறவள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவளுக்கு டிஜிட்டல் காசில்தான் அனுப்புகிறார்கள். தேநீர், முறுக்கு எல்லாம் வைத்தாள். பக்கத்தை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லாருக்கு லா அண்ணே.”

“குறை ஏதும் இருந்தா சொல்லும்மா.”

“குறையா? சேச்சே. முறுக்கு எடுத்துக்குங்க.”

பெர்ரிப் படகில் திரும்பும்போது காற்று நன்றாக இருந்தது. என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. எதிரே இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஜூலை 12, சனி

ஜெலுத்தோங்கில் ஒரு கடை. ஹனீபா பாய் கைப்பேசி உதிரிபாகம் விற்கிறார். சீனாவிலிருந்து சரக்கு அனுப்புகிறவனுக்கு டிஜிட்டல் காசில் கட்டுகிறார். “அண்ணே, நீங்க செஞ்சா சும்மாவா! நல்லாருக்கு லா!” என்று முதுகில் தட்டினார்.

ஜூலை 15, செவ்வாய்

எல்லாருக்கும் நல்லாருக்கிறது. அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திறக்கவில்லை; என் கணினி சொல்கிறது.

ஜூலை 19, சனி

கேவலமான ஒரு காரியம் செய்தேன். பக்கத்தின் நீலத்தைப் பச்சையாக்கினேன். தலையில் என் பெயரை எடுத்துவிட்டு ‘ஆக்கம்: லோகேஸ்வரன்’ என்று போட்டேன். தட்டச்சு செய்யும்போது விரல் கூசியது. ஜெலுத்தோங்குக்குப் போய், “என்னோடத விடுங்க பாய், இது கோலாலம்பூர்க்காரன் ஒருத்தன் செஞ்சது, எப்படியிருக்கு?” என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் – அவன் திட்டு வாங்குவதைக் காதால் கேட்க ஆசை.

ஹனீபா பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“யார் இந்த மடையன்? நான் இன்னிக்கி காலைல சுபுஹு தொழுதுட்டு அனுப்புனேன். இதுல நேத்துன்னு போட்டிருக்கு! இதத்தான் சீனாக்காரனுக்கு படம் புடிச்சி அனுப்பணுமா? பழைய ரசீத காட்டி ஏமாத்துறேன்னு சொல்வான். ஏற்கனவே வேற ஒரு பக்கத்த அனுப்புனப்ப அப்படித்தான் சொன்னான், சரக்கையும் நிறுத்திட்டான். கட வாடகைய இவனா குடுப்பான்?”

உலகப் பொது நேரம். நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். நான் அதை அப்படியே விட்டிருந்தேன். எனக்குத் தெரியும் என்பதால் எல்லாருக்கும் தெரியும் என்று.

ரமணிக்கும் இணைப்பை அனுப்பினேன். குரல் பதிவு வந்தது: “அண்ணே, இவருக்கு என்ன வேண்டுதலா? எனக்கு வேண்டியது ஒன்னே ஒன்னு, காசு வந்துச்சா இல்லையா. அத போய் பதினேழு வரிக்கு கீழ ஒளிச்சு வச்சிருக்காரு. போன மாசம் வேற ஒரு பக்கத்துல இப்படித்தான், வரலன்னு நெனச்சு கிளையண்ட்கிட்ட சண்ட போட்டு, ஆளே போயிட்டாரு.”

போன மாதமா? அப்படியானால் என் பக்கத்தைப் பார்த்தபோதே அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. முறுக்கு எடுத்துக்குங்க என்றாளே!

ஜூலை 20, ஞாயிறு

லோகேஸ்வரன் வாங்க வேண்டிய திட்டு எல்லாம் எனக்கு வலிக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் வேலையை ஆரம்பித்தேன்.

ஜூலை 26, சனி

திருத்தியாகிவிட்டது. பக்கத்தைத் திறந்ததும் முதல் வரியே: ‘பணம் சேர்ந்துவிட்டது. இன்று காலை 7.10, மலேசிய நேரம்.’ மற்றதெல்லாம் கீழே, வேண்டுகிறவர்களுக்கு. லோகேஸ்வரன் பெயரை இன்னும் மாற்றாமலே ஜெலுத்தோங் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஹனீபா பாய் அங்கேயே படம் பிடித்துச் சீனாவுக்கு அனுப்பினார். நான் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது: மன்னிப்புக் கேட்டு, திங்கட்கிழமை சரக்கு ஏற்றுவதாக.

“பரவால்லயே, அந்த லோகேஸ்வரன் திருந்திட்டான் லா! கெட்டிக்காரன்.”

இதையும் அவனே கொண்டுபோகிறானா?

“பாய், அது நான்தான். ரெண்டும் நான்தான்.”

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அலாமாக்! மடையன்னு சொன்னேனே!”

“சொன்னீங்க. முதல்லயே ஏன் சொல்லல?”

“எப்படிண்ணே சொல்றது? பேர வேற இவ்ளோ பெரிசா போட்டுக்கிட்டு, மாப்பிள்ளை மாதிரி எதிர்ல உக்காந்திருந்தீங்க. மாப்பிள்ளைகிட்ட போய் மூக்கு சரியில்லன்னு யாராச்சும் சொல்வாங்களா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 30, புதன்

ரமணிக்கும் சொல்லிவிட்டேன். அலறினாள். பிறகு தயங்கித் தயங்கி, “அப்ப, அண்ணே… அந்தப் பச்சை கலரும் நல்லால்ல” என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

நிறம் மறுபடியும் நீலம், தலையில் மறுபடியும் என் பெயர். அந்த இரண்டு பேரும் தினமும் திறக்கிறார்கள். அவர்கள் இணைப்பை அனுப்பிவைத்த, எனக்கு முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேரும்.

லோகேஸ்வரனை மன்னித்துவிட்டேனா? இல்லை. இந்த ஜென்மத்தில் நடக்காது. ஆனால் இன்று கொஞ்ச நேரம் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன் – அங்கே வேலை பார்த்த காலத்தில் என் எதிரே உட்கார்ந்து, குறையைச் சொல்லாமல் எத்தனை பேர் முறுக்கு நீட்டியிருப்பார்கள்?

பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்: ‘பிடிக்கவில்லையா? திட்டியே எழுதுங்கள்.’ தலையில் என் பெயர் இருந்தால் அதில் ‘நல்லாருக்கு லா’தான் வந்து விழும்.

‘ஆக்கம்’ வரியை எடுத்துப் பார்த்தேன். திரும்பப் போட்டேன். மறுபடியும் எடுத்தேன். அது இருந்த இடத்துக்கு ‘பணம் சேர்ந்துவிட்டது’ ஏறி வந்து நின்றது. அங்கேதான் அது பொருத்தமாக இருக்கிறது.

நாளைக் காலையில் வெளியிடுகிறேன். பெயர் போடாமல்.