நீரேற்று நிலையச் சுவரோரக் கீழாநெல்லி

அனுப்புநர்:
தையல் மிஷின் ரிப்பேர்காரர்
('டாக்டர் மாமா' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்),
நான்காவது தெரு, மாடி வீடு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பழைய நீரேற்று நிலையச் சுவரோரம் களைக்கொல்லி தெளித்த தேதி கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும், பத்தாம் வகுப்பு வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்டுப் போவார். மிஷின் ரிப்பேர் என் தொழில். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது என் சேவை. இதுவரை நானூறு பேரைக் குணப்படுத்தியிருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் தன் மாமியாரையே என் கடைக்கு அனுப்பிவைத்தார்.

2. சென்ற மாதக் கடைசியில் என் தங்கைக்குக் கண் மஞ்சளித்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதி, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். "மாத்திரையெல்லாம் ஓரமா வை. ஏழே நாள்ல கண்ணு வெளுக்கும், என் பொறுப்பு" என்று தெருவே கேட்கச் சொன்னேன். இந்த மாதம் 3ஆம் தேதி முதல் 6ஆம் தேதி வரை தினமும் காலையில் செடியைப் பறித்து அரைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். 6ஆம் தேதி மத்தியானம் வாந்தி. 8ஆம் தேதி இறந்துவிட்டாள்.

3. காமாலையே முற்றியிருக்கலாம், வேறு ஏதாவது உள்ளே போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

4. செடியைத் தொலைதூர மலையில், மூன்று பஸ் மாறிப் போய்ப் பறிப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். மலைச்செடி என்றால் ஒரு மதிப்பு. உண்மையில் தங்கள் நீரேற்று நிலையத்தின் பின்சுவர் ஓரம்தான் பறித்தேன். 11ஆம் தேதி போய்ப் பார்த்தபோது சுவர் நெடுகச் செடியெல்லாம் பழுத்துக் கருகியிருந்தது. நான் பறித்தபோது பச்சையாகத்தான் இருந்தது.

5. அங்கே அறிவிப்புப் பலகை எதுவும் இல்லை. அதைப் புகாராகவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் மருந்தடித்த ஆட்கள், நான் கடையில் இருந்த நேரத்தில், வீடுவீடாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்களாம். எதிர்வீட்டு அம்மா சொன்னார்: "ஆட்டை அந்தப் பக்கம் விடாதீங்கன்னாங்க மாமா. நீங்கதான் மலையில பறிக்கிறவராச்சே, உங்ககிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்." என்றைக்குச் சொன்னார்கள் என்பது அவருக்கு நினைவில்லை.

6. முதல் பத்தியில் உள்ள நானூறைப் பதினொன்று என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். டாக்டரின் மாமியார் வரவில்லை.

7. கடையைத் தினமும் திறக்கிறேன். ஊசி மாற்றுகிறேன், எண்ணெய் விடுகிறேன். அழுகை வரவில்லை. தங்கை மகள் அந்த டம்ளரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, அந்தச் செடிய எங்க பறிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். மலையில் என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

8. ஆகவே, மருந்தடித்த தேதியைத் தங்கள் பதிவேட்டில் பார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன். 6ஆம் தேதிக்குப் பின் என்றால் என் சாற்றில் விஷம் இல்லை. முன் என்றால் இருந்திருக்கும். யார்மீதும் நடவடிக்கை கேட்கவில்லை.

9. பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். சலவைக்கடை முகவரிக்கு, இப்போது அங்கே இஸ்திரி போடும் என் தங்கை மகளுக்கு அனுப்பவும். தேதி எதுவானாலும், இந்த மனுவின் நகலையும் அதோடு வைக்கவும். என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

தங்கள் பதிவேட்டின் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மிஷின் ரிப்பேர்காரர்

நாள்: 19.08.2019
இடம்: கடை

இணைப்பு: காய்ந்த செடி ஒன்று, காகிதத்தில் மடித்தது.