பதினொன்றால் வகுபடும் பட்டு

வியாழக்கிழமை, இரவு.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எனக்கு வரவேண்டிய கணிதத் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூர்த்தி, கல்லூரி விழாவுக்காக முப்பத்தொரு இலக்கப் பகா எண் ஒன்றைப் பட்டில் ஜரிகையால் நெய்யக் கொடுத்திருந்தார். இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒரே எண். இன்று தறியில் பார்த்தேன். முப்பத்திரண்டு இலக்கங்கள் இருந்தன.

"நடுவுல ஒண்ணு மட்டும் ஒத்தையா நின்னுக்கினு இருந்துது சார். ரெண்டு பக்கமும் சமமா வரட்டும்னு அதையே இன்னொருவாட்டி போட்டேன்," என்றார் நெசவாளர் ஏகாம்பரம். "மூர்த்தி சாரும் பாத்துட்டு, சூப்பர்பான்னுட்டுப் போனாரு."

இப்படிப்பட்ட எண்ணில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் அது பதினொன்றால் வகுபட்டுவிடும். பகா எண்ணே அல்ல. மூர்த்திக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் விட்டிருக்கிறார். திங்கட்கிழமை மேடையில் அந்த எண்ணின் சிறப்பைப் பேச வேண்டியவன் நான். புகழ்ந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். குறை சொன்னால் பொறாமை என்பார்கள்.

முதல்வருக்குக் கடிதம் எழுதி, பதினொன்றால் வகுத்தும் காட்டிவிட்டேன். எங்கள் கல்லூரியில் இன்னும் இதையெல்லாம் கையால் வகுப்பவன் நான் ஒருவன்தான். இருக்கட்டும். காலையில் பெயர் போடாமலே தபாலில் சேர்த்துவிடுவேன்.