தானாக மூடும் இமை

12.6.2003, வியாழன்
இன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினேன். தூக்கம் இல்லை. கண் தானாக மூடிக்கொண்டது. திறக்கப் பார்க்கிறேன், திறக்கவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தேன் - எதிரே கன்டெய்னர் லாரியின் பின்பக்கம். ஒரு கை தூரம் கூட இல்லை.
வெயிலில் படபடவென்று அடிப்பது கொஞ்ச நாளாக இருக்கிறது. இறுகப் பூட்டிக்கொண்டது இன்றுதான் முதல் தடவை. வீட்டில் தூசி என்று சொல்லிவிட்டேன்.

15.6.2003, ஞாயிறு
சாப்பிடும்போது ஜோதி பார்த்துவிட்டாள். “இன்னாயா, பொண்டாட்டியப் பாத்தே கண்ணடிக்கிற? புதுசா கீதே” என்று சிரித்தாள். இரண்டு கண்ணும் சேர்ந்து இறுகியதும் சிரிப்பு நின்றுவிட்டது.
என் தொழிலே கண்தான். பிள்ளைப்பாக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் காயலான் கடை ஆரம்பித்தபோது முதல் கிடையாது, படிப்பு கிடையாது. கம்பெனிக் கழிவுக் குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும், மேலே என்ன, அடியில் என்ன என்று சொல்லிவிடுவேன். அது போனால் இந்தக் கோதண்டம் யார்? என்னை எவன் மதிப்பான்?

19.6.2003, வியாழன்
டீக்கடையில் பாண்டுரங்கன். அவனும் காயலான் கடைதான், என் எல்லா டெண்டருக்கும் போட்டி. “இன்னா நைனா, கண்ணு கொட்டிகினே கீது?”
வாயில் வந்ததைச் சொன்னேன்: “மெட்ராஸ் ஐ.”
டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஓடினான். “கிட்ட வராத! எனக்கும் குடுத்துடாத!” எனக்கே சிரிப்பு வந்தது. வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டேன். இனி எவனும் முகத்தைப் பார்க்க மாட்டான். நல்ல வேலை செய்தோம் என்று நினைத்தேன்.

24.6.2003, செவ்வாய்
நல்ல வேலை இல்லை. பெரிய கம்பெனி ஒன்றில் கழிவு டெண்டர். இன்றும் நாளையும் குவியலைப் பார்க்கலாம். பார்க்காதவன் விலை எழுத முடியாது. கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். “மெட்ராஸ் ஐ ஆளை உள்ள வுட முடியாது சார். ஒருத்தனுக்கு வந்தா லைனே படுத்துடும். என் சீட்டு கிழிஞ்சிடும்.” எவன் சொல்லியிருப்பான் என்று கேட்க வேண்டுமா? பாண்டுரங்கன் எனக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தான்.
மெட்ராஸ் ஐ இல்லை என்று சொல்லலாம். அப்புறம் என்னவென்று சொல்வது? கண்ணைத் திறக்க முடியாதவன் என்றா? ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

25.6.2003, புதன்
ஜோதியை அனுப்பினேன். வேறு வழியில்லை. கடையில் பித்தளை வேறு, செம்பு வேறு என்று பிரித்துப் போடுகிறவள்தான், ஆனால் கம்பெனி வாசலை மிதித்ததில்லை. திரும்பி வந்து சொன்னாள்: “மேல கம்பி. அடியில பூரா பெயின்ட் டப்பா. காலால தள்ளிப் பாத்தேன், காலி டப்பா சத்தம்தான் வருது.” அடியில் எடை நிற்காது என்று அவள் சொன்னதை வைத்து விலையைக் குறைத்து எழுதினேன்.
நானே போயிருந்தாலும் இதைத்தான் பார்த்திருப்பேன். நான் இல்லாமலும் நடக்கிறது. இது ஆறுதலா, பயமா?

2.7.2003, புதன்
மெட்ராசில் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் வனமாமலை விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறே இல்லையாம். மூடு, மூடு என்று நரம்பு ஓயாமல் உத்தரவு போடுகிறதாம். ஏன் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாதாம்.
படம் போட்டுக் காட்டினார். நரம்பின் நுனியில் பொடிப்பொடியாகப் பைகள். உள்ளே ஒரு ரசாயனம். உத்தரவு வந்ததும் பை நுனிச் சுவரோடு ஒட்டி, திறந்து கொட்ட வேண்டும். கொட்டினால்தான் தசை இறுகும். ஒட்டவைப்பது புரதங்கள். பைமேல் ஒன்று, சுவரில் இரண்டு. கயிறு திரிக்கிற மாதிரி ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையை இழுக்குமாம். இதற்குக் கண்ணைச் சுற்றி ஊசி போடுவார்களாம். சுவரில் இருக்கிற ஒன்றை அந்த மருந்து கத்தரித்துவிடும். பை நிறையச் சரக்கு இருந்தும் இறங்காது. லாரி கேட்டுக்கு வந்துவிட்டது, இறக்க ஆள் இல்லை - அப்படிப் புரிந்துகொண்டேன்.
“என்ன மருந்து சார்?”
“ஒரு கிருமியோட விஷம். கெட்டுப்போன டின் சாப்பாட்டில வளரும்.”
“விஷமா! மூச்சு வுடுறதும் தசைதானே சார்?”
“ஆமா. நிறையப் போனா மூச்சே நின்னுடும். நாங்க போடுறது துளியிலும் துளி.”
எழுந்து வந்துவிட்டேன்.

3.7.2003
போட மாட்டேன்.

9.7.2003, புதன்
கடைக்குள் லாரி ரிவர்ஸில் வரும்போது கை காட்டுவது எப்போதும் நான்தான். இன்றும் நின்றேன். வா, வா என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் பூட்டிக்கொண்டது. கை மட்டும் வா வா என்று ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. சுவருக்கும் லாரிக்கும் நடுவில் மாசானம். நம் கடை ஆள், திருநெல்வேலிப் பக்கம். குதித்துத் தப்பினான். அவன் நின்ற இடத்தில் இருந்த இரும்பு டிரம் அப்பளமாகிவிட்டது.
“கண்ண மூடிக்கிட்டு வா வான்னு கை காட்டுதியளே அண்ணாச்சி! என்னைக் கொல்லவா பாத்திய?” அழுதுகொண்டே கேட்டான். முழங்கால் தோல் உரிந்திருந்தது. ஊரில் அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.
ஜோதி கத்தவில்லை. “ஊசி போட்டா நீ சாவ மாட்டே. போடலன்னா யாரையாச்சும் சாவடிச்சிடுவே” என்றாள்.

14.7.2003, திங்கள்
போட்டாயிற்று. கண்ணைச் சுற்றி எறும்பு கடித்த மாதிரி. அவ்வளவுதான். ஆனால் வரும் வழியெல்லாம் எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்குகிறதா? மூச்சு வருகிறதா? “முழுங்கி முழுங்கியே வயிறு ரொம்பிடும், சோறு மிச்சம்” என்றாள் ஜோதி.

15.7.2003
மூடிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியானால் விஷம் எங்கே போனது?

18.7.2003, வெள்ளி
வலது கண் திறந்தே நிற்கிறது! இடது இமை பாதி ஷட்டர் மாதிரி தொங்கிவிட்டது. தூக்கினாலும் விழுகிறது. போச்சு, இடது கண் போச்சு என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மருந்து கொஞ்சம் கசிந்து, இமையைத் தூக்குகிற தசைக்குப் போயிருக்குமாம். தானாகச் சரியாகுமாம். தானாக - அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது உதறுகிறது.

16.8.2003, சனி
இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. வெயிலில் நின்று ஒரு லோடு முழுக்கப் பார்த்தேன். மாசானத்தைப் பார்த்தேன், நான் கை காட்டினால் லாரிக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்கிறான் இன்னும். டாக்டரிடம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். நரம்பு சும்மா இருக்காதாம், புதிதாக முளைவிட்டு மறுபடி சரக்கு இறக்குமாம். சில மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. ஆயுசுக்கும்.

22.10.2003, புதன்
காலையிலிருந்து இமை துடிக்கிறது. முதல் தடவை பிழைத்தோம், இந்தத் தடவை? ஜோதியிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஊசிக்குப் போகலாம் என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக் குவியலைப் பார்க்க வேண்டும். அந்த டெண்டரை விட்டால் பொங்கல் வரை கடையில் சரக்கு இருக்காது.
“நீ கம்பெனிக்குப் போ. நான் ஊசிக்குப் போறேன்” என்றேன்.
“தனியாவா? பயமா இல்லையா?”
“கீது.”
ஒரே பஸ்தான். அவள் இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிக்கொள்வாள். நான் நேராக மெட்ராஸ் வரை போக வேண்டும்.