புகை எந்தப் பக்கம்

அன்புள்ள அத்தானுக்கு,

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்தபின் எனக்கு இது முதல் நவம்பர். நானூறு வருடத்துக்கு முன் பார்லிமெண்டுக்கு வெடி வைக்கப் பார்த்துப் பிடிபட்டவனுக்கு, இவர்கள் இன்னமும் வருடாவருடம் கொடும்பாவி கொளுத்துகிறார்கள். நம் பஸ் ஸ்டாண்டில் கொளுத்தினால் போலீஸ் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். இங்கே போலீஸ்காரரே பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். கோபம் ஆறி ஆறித் திருவிழாவாகிவிட்டது போல. நம் ஊர் அரசியலுக்கு எத்தனை நூறு வருடம் ஆகுமோ!

அப்புறம் வாணவேடிக்கை. முதல் சத்தத்துக்கு எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் திரும்பி நின்று, கூரைகளுக்கு மேலே புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று தேடினேன். நம் எம். புதுப்பட்டியில் ஏதாவது பட்டாசுக் கம்பெனியில் வெடிச் சத்தம் கேட்டதும் தெருவே வெளியே வந்து, "நம்ம கம்பெனிப் பக்கமாக்கா?" என்று தேடுமே, அப்படி.

கூட வந்த நர்ஸ் என் முகத்தைப் பிடித்து மேலே திருப்பினாள். சீனாச் சரக்காம். நீங்கள் கலக்கும் பச்சை நிறம் அதில் இல்லை.

"சீசன் முடியட்டும், வந்துருதேன்" என்றீர்கள். தீபாவளியும் போய்விட்டது. வெடிமருந்து கலக்கும் ரூமை விட மனசில்லை உங்களுக்கு.

வாருங்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். அங்கே சத்தம் கேட்கிற அன்றைக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். நான் எடுக்க மாட்டேன். மணி அடித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி