போய்விட்டு வந்த சுவெட்டர்

உங்கள் சுவெட்டர் நேற்று திரும்பி வந்தது. பெரிய மதினியின் மகன், உங்கள் அக்காள் பெற்ற செல்ல மருமகன், ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். இத்தனை வருஷமும் பாச்சை உருண்டை வாசம் மட்டுமே அடித்த துணி. இப்போது அதில் விறகுப் புகையும் இன்னொரு ஆளின் வேர்வையும் ஏதோ சென்ட்டும் கலந்து அடிக்கிறது. துவைத்துக்கூடத் தரவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

அதை யாரிடம் போய்க் காட்ட? நீங்கள்தான் அகப்பட்டீர்கள். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். இப்போது எழுந்து போக முடியாதல்லவா, முழுக்கக் கேளுங்கள்.

வண்ணார்பேட்டைக் கடையில் சித்திரை வெயிலில் நாம் சுவெட்டர் வாங்கினோமே, நினைவிருக்கிறதா? உங்களுக்கு ஊதா, எனக்கு அரக்கு. மின்விசிறி காற்றே வராத மூலையில் நிறுத்தி என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். நெற்றிக் குங்குமம் வழிந்து மூக்குக்கு வந்துவிட்டது. நீங்கள் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே சிரித்தீர்கள். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, ஊட்டிக்கா?" என்றார். "அதுக்கும் மேல வே" என்று நீங்கள் சொன்ன தோரணையை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் ஆபீஸ் காலண்டரில் வந்த ஒரு படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். மணிப்பூரில் லோக்டாக் என்று ஒரு நன்னீர் ஏரி. அதில் வட்ட வட்டமாகப் பச்சைத் தீவுகள். புல்லும் வேரும் பின்னி உண்டானவை, தண்ணீரில் மிதக்கின்றன, காற்றடித்தால் இடம் மாறுகின்றன, மீன் பிடிக்கிறவர்கள் அதன்மேல் குடிசை போட்டுக் குடியிருக்கிறார்கள் என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னீர்கள். அரசாங்கமே விமானத்தில் கூட்டிக்கொண்டு போகும், விடுப்புப் பயணச் சலுகை இருக்கிறது என்றீர்கள். எனக்கு ஏரியும் விமானமும் பெரிதாகத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன வேறொன்றுதான் மனதில் ஒட்டிக்கொண்டது.

"கால வெச்சா தரை அமுங்குமாம்ட்டி. எடுத்தா மேல ஏறிக்கிடுமாம். ரெண்டு பேரும் கைய புடிச்சுக்கிட்டுதான் நடக்கணும்."

தெருவில் என்னோடு சேர்ந்து நடக்க வெட்கப்பட்டு எப்போதும் நாலடி முன்னால் போகிற மனுஷன் நீங்கள். நெல்லையப்பர் தேரோட்டக் கூட்டத்தில்கூட உங்கள் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பின்னால் வந்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய ஒரு இடம் உலகத்தில் இருக்கிறது என்று நீங்களே சொன்னால், நான் ஆசைப்படாமல் என்ன செய்வேன்?

முதல் தடவை பங்குனியில் போவதாக இருந்தது. பெரிய மதினி, உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் மகனுக்குக் காது குத்து என்று சொல்லி அனுப்பினார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியுமா? பயணத்தை நிறுத்தினீர்கள். அந்தப் பயல் உங்கள் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுது புது வேட்டியை நனைத்தான். நீங்கள் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அப்புறம் சின்ன மதினி வீட்டுப் பால் காய்ப்பு. அப்புறம் யாருக்கோ நிச்சயதார்த்தம். ஒவ்வொரு தடவையும் நான் சுவெட்டர்களை எடுத்து மாடியில் வெயில் காட்டி, மடித்து, உருண்டை போட்டு பீரோவில் வைத்தேன். அடுத்த வீட்டு அம்மா, "என்ன மதினி, திருநெவேலியில பனி பெய்யப் போகுதா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

ஒரே ஒரு தடவை, விமானம் பிடிக்கப் போகிற ரயில் வரைக்கும் போனோம். ஜங்ஷனில் ஏறி உட்கார்ந்து, பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, புளியோதரைத் தூக்கை ஜன்னலோரம் வைத்தாயிற்று. போன் அடித்தது. சின்ன மதினி மகள் பெரியவளாகிவிட்டாளாம். நீங்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. குனிந்து சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தீர்கள்.

"அவளுக்கு அப்பா இல்லையா?" என்றேன்.

"என்னட்டி பேச்சு இது? மாமன் சேலை போகாம புள்ளைக்குத் தலைக்கு எப்படித் தண்ணி ஊத்துவாங்க?"

"நாம எப்பதான் போறது?"

"ஏரி எங்க போயிரப் போகுது? அது அங்கனயேதான் கெடக்கும்."

நாம் மேம்பாலத்தில் ஏறும்போது ரயில் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து, பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் புளியோதரையைப் பரிமாறினேன். "புளி நல்லா எறங்கியிருக்கு" என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் முதன்முதலாக வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். இதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சமாதானம் செய்கிறேன் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறுக்குக் கூட்டிப்போனீர்கள். போகிற வழியில் ஒரு குளத்தில் ஆகாயத்தாமரை கொத்தாக மிதந்தது, மேலே ஒரு கொக்கு நின்றது. பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினீர்கள். "இதையே கொஞ்சம் பெருசா நெனச்சுக்கோட்டி. அதான் மிதக்குற தீவு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்று, அக்காள் தங்கை பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடிந்து, இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நான் நினைத்த சமயத்தில் அந்த ஊரில் கலவரம் என்று டிவியில் காட்டினார்கள். வீடுகள் எரிந்தன, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, போயிருந்தா மாட்டியிருப்போம்லா" என்றீர்கள். போகாமல் இருந்தது ஏதோ உங்கள் சாமர்த்தியம் மாதிரி. அங்கே குடிசையை இழந்தவளுக்காகவும் எனக்காகவும் சேர்த்தே அன்றைக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத கதை இனிமேல்தான். மூன்றாம் நாள் பெரிய மதினி என் பீரோவைத் திறந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. "ஒரு தடவகூடப் போடாத சட்டைதானே, புள்ள குளிரு ஊருக்குப் போறான், போட்டுக்கிடட்டும்" என்று ஊதாச் சுவெட்டரை எடுத்தார்கள். பிள்ளை எங்கே போகிறான் என்று அப்போதுதான் கேட்டேன். சிநேகிதர்களோடு டூர். உங்கள் பதினாறுக்கு அவன் இருக்க மாட்டான். வாசலில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "டிக்கெட் முன்னாடியே போட்டது அத்தை. கேன்சல் பண்ண முடியல."

கேட்டீர்களா? கேன்சல் பண்ண முடியவில்லையாம். அவன் காதில் ஓட்டை போட நாம் எத்தனை சுலபமாகக் கேன்சல் பண்ணினோம்! மருமகனுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை தொட்டிலிலிருந்து மணவறை வரைக்கும் இருக்கிறது. தாய்மாமனுக்கு மருமகன் செய்ய வேண்டியது என்று நம் ஆட்கள் ஒன்றுகூட எழுதி வைக்கவில்லை. உங்களுக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் செய்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நேற்று சுவெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனில் படம் காட்டினான். பச்சைத் தீவு, பின்னால் குடிசை, நடுவில் உங்கள் சுவெட்டரில் அவன். "மாமா சொல்லிச் சொல்லித்தான் அத்தை எனக்கு அங்க போகணும்னே தோணுச்சு. மாமாவே வந்த மாதிரி இருக்கட்டும்னு போட்டேன்." கண் கலங்கித்தான் சொன்னான், நடிக்கவில்லை. அவனை நான் திட்டியிருக்கலாம், அந்தக் கண்ணீரால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. "ஏலே, தரை அமுங்குச்சா?" என்று மட்டும் கேட்டேன். "ஆமா அத்தை, பக்கத்துல நின்னவன் கையைப் புடிச்சுக்கிட்டேன்" என்றான்.

அவன் போனதும் பாளையங்கோட்டையில் சுற்றுலா கூட்டிப் போகிறவருக்குப் போன் செய்தேன். இப்போது ஆட்கள் போய் வருகிறார்களாம். மாசியில் ஒரு கூட்டம் கிளம்புகிறது, நானும் பெயர் கொடுத்துவிட்டேன். "குளிருக்கு ஏதாச்சும் கையில வெச்சிருக்கீங்களாம்மா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செய்தி எப்படியோ போய், பெரிய மதினி காலையிலேயே வந்து நின்றார்கள். "வருசம் திரும்பல. அதுக்குள்ள ஊரு சுத்தக் கெளம்பினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? ஏரி எங்க போயிரப் போகுது? அடுத்த வருசம் போனா ஆகாதா?" அச்சாக உங்கள் வார்த்தை, உங்கள் குரல். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள். "ஏரி போகாது மதினி, நான் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கோபத்தையும் பெட்டியில் வைத்துத்தான் கிளம்புகிறேன். அங்கே போய் அந்தத் தீவில் இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நாலடி நடந்து பார்க்க வேண்டும். விழுந்தால் விழுகிறேன்.

உங்கள் சுவெட்டரைத் துவைத்து மாடியில் காயப் போட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது போய்விட்டு வந்துவிட்டது. அரக்குச் சுவெட்டர்தான் இன்னும் போகவில்லை.