கிடை போடாத இடுகாடு

பாபியா மலை,
அக்டோபர் 1928

அன்புள்ள எலாதியோவுக்கு,

முதலாளி இந்த முறை மந்தையை ரயிலில் ஏற்றுகிறாராம். ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்தவரை நீ வாயைத் திறக்கவில்லையே!

காய்ச்சலில் கிடந்த நம் மகள் நீவெஸைச் சமவெளி வைத்தியரிடம் காட்ட உன் மந்தையோடு நடந்து, பாதி வழியில் ஓர் ஊரில் பறிகொடுத்தோம். வருஷாவருஷம் குளிருக்கு மந்தையைத் தெற்கே ஓட்டிப்போகும்போதெல்லாம் அந்த ஊர் இடுகாட்டில் நீ ஓர் இரவு கிடை போடுவாய். புழுக்கையோடு நம் மலை விதையும் விழும். வசந்தத்தில் அவள் மேல் நம் செம்பூ பூக்கும். இனி அவளுக்கு யார் பூப்போடுவார்? தயவுசெய்து நடந்து போ.

உன் விசித்தா

எஸ்த்ரெமதூரா,
தெற்குச் சமவெளி,
நவம்பர் 1928

அன்பு விசித்தா,

நீ அழுவாய் என்றுதான் சொல்லவில்லை. தலைமை இடையரிடம் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு நாள்ல போற ஊருக்கு மாசக்கணக்கா நடக்கணுமா? பிடிக்கலேன்னா வேற வேல பாத்துக்க" என்றார்.

ரயில் அந்த ஊரைத் தாண்டும்போது பெட்டியில் கிடந்த புழுக்கையை அள்ளி அள்ளி வெளியே எறிந்தேன். "ஏண்டா, தண்டவாளத்துக்கு எரு போட்டா எஞ்சின் குட்டி போடுமா?" என்று கூட வந்த இடையர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இடுகாடு வெகு தூரம்.

இனிக் கோடையிலும் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். ஆடுகள் மட்டும் மலைக்கு வரும்.

எலாதியோ

பாபியா மலை,
மே 1931

எலாதியோவுக்கு,

உன் குடிசைக்குப் பின்னால், ஆடுகள் அடையும் இடத்தில், நம் செம்பூ பூத்திருப்பதாக எழுதியிருந்தாய். பிள்ளைக்குச் சேர வேண்டியது உன் கொல்லையில்!

பொறுக்காமல் அந்த ஊருக்குப் போய் வந்தேன். ஆடு மேயாமல் இடுப்பளவு முள். நாம் நட்ட மரச்சிலுவை எப்போதோ உளுத்து மண்ணாகிவிட்டது. செம்பூ ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்ன மேடுகள்தான். எது நம் நீவெஸ் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அங்கே இருந்த கிழவர், "யாரும்மா உன் புள்ள?" என்று கேட்டார். திரும்பி நடந்துவிட்டேன்.

எத்தனை வருஷம் அவளருகே படுத்தவன் நீ. உனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும், வந்து காட்டு. வராவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

விசித்தா

எஸ்த்ரெமதூரா,
மே 1931

என் விசித்தா,

வேலையை விட்டுவிட்டேன். நாளை கிளம்புகிறேன், நடந்தேதான்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நானும் அந்தச் செம்பூச் செடியை அடையாளம் பார்த்துத்தான் அவள் பக்கத்தில் படுப்பேன். எது அவள் மேடு என்று உன்னைப் போலவே எனக்கும் தெரியாது.

நீயும் அந்த இடுகாட்டுக்கு வா. தேடிப் பார்ப்போம். கிடைக்காவிட்டால், அங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்ந்து அழுதுவிட்டு வீடு திரும்புவோம்.

உன் எலாதியோ