முன்சீட்டு பெல்ட்

தேஜு நைனாவுக்கு,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதி, உங்கள் விமானத்தின் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

ரேணிகுண்டா பட்டறை வேலை முடிந்து வந்து, குழாய் குழாயாக வெல்டிங் வைத்து நீங்கள் அதைக் கட்டியபோது நான் குறுக்கே நிற்கவில்லை. இறக்கைக்குத் துணி தைத்ததே நான்தான்.

போன ஞாயிறு கார்வேட்டிநகரம் தரிசில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நீங்கள் தலைகீழானதும் இன்ஜின் சத்தம் நின்றுபோனது. விமானம் சரிந்துகொண்டே வந்தது. அப்புறம்தான் மறுபடி உறுமியது. இறங்கியதும், "ஒண்ணுமில்ல, ஓடிக்கினுதான் இருந்துச்சு. காத்துல உனுக்குக் கேக்கல" என்றீர்கள். தண்ணீர்ச் சொம்பைப் பிடித்த உங்கள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நேற்று, நீங்கள் பின்னாலிருந்து ஓட்டும்போது காலியாகக் கிடக்கும் முன்சீட்டின் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்து, எவ்வளவு இழுத்தாலும் தளர்வாக இருக்கிறது, சின்னதாக்கித் தை என்றீர்கள். யாருக்கு என்று கேட்டேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். நம் பெண் தேஜுதான் உளறினாள்: "பர்த்டேக்கு நைனா என்னைய வானத்துல குட்டிக்கரணம் அடிக்கக் கூட்டிக்கினு போறாரும்மா!"

பெல்ட்டில் நான் ஊசியே வைக்கவில்லை. திரும்ப மாட்டி, நானே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது.

நாளைக்கு அவள் பிறந்தநாளில் முதலில் என்னை ஏற்றிக்கொண்டு தலைகீழாகச் சுற்றுங்கள். சத்தம் நின்றாலும் நான் கத்த மாட்டேன். இறங்கியதும் சொம்பை நீட்டுகிறேன். உங்கள் கை நடுங்காவிட்டால் மகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தேஜுவின் அம்மா